வீட்டு சிஸ்டம்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பைபாஸ் சாலையை ஒட்டி ஒரு மாடிக் கடை. கீழே ஜூஸ் கடை, மேலே கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் குற்றாலலிங்கம். முழுப்பெயர் ரேஷன் கார்டோடு சரி. படியேறி வருகிறவர்களுக்கெல்லாம் அவர் லிங்கம் அண்ணாச்சி. நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒல்லியான ஆள். காலையில் பூசிய திருநீறு மதியம் வரை நெற்றியில் இருக்கும், அதன்மேல் ஏற்றிவிட்ட கண்ணாடியும் இருக்கும். தாத்தா காலத்தில் சேரன்மகாதேவிப் பக்கம் வயல் இருந்ததாகச் சொல்வார்கள். அவருக்கு அதில் கிடைத்தது ஒரு பித்தளைக் குத்துவிளக்கு மட்டும். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து, ஒரு கடையில் வேலை கற்று, பிறகு சொந்தமாக இந்தக் கடையைத் திறந்தவர்.

அவரைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஒன்றுதான். அண்ணாச்சி முடியாது என்று சொல்ல மாட்டார். கடை சாத்தும் நேரத்தில் ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால், பாதி இறக்கிய ஷட்டரை மறுபடி ஏற்றிவிடுவார். ஆடிட்டர் ஆபீஸ், பத்திர ஆபீஸ், டியூஷன் சென்டர் என்று ஊரில் பாதி இடங்களில் அவர் கை பட்ட கம்ப்யூட்டர்கள்தான் ஓடின.

கடந்த சில வருஷமாக அவருக்குச் சோறு போட்டது எஸ்.எஸ்.டி. மாற்றும் வேலை. பழைய கம்ப்யூட்டர்களில் ஹார்டு டிஸ்க் என்பது உள்ளே சுற்றும் ஒரு தட்டு. சின்னஞ்சிறு முள் ஒன்று அந்தத் தட்டின் மேல் ஓடியோடித் தேடி, கேட்டதை எடுத்துக் கொடுக்க வேண்டும். வருஷம் ஆக ஆக அந்த ஓட்டம் தளர்ந்துவிடும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கு எதுவும் கிடையாது. உள்ளங்கையில் அடங்கிவிடும் மெல்லிய பெட்டி. பழைய டிஸ்கில் இருப்பதை அப்படியே அதில் நகலெடுத்து, நாலு ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டினால், எட்டு வருஷத்துக் கிழட்டு மெஷின்கூடப் பட்டனை அமுக்கியதும் எழுந்து நிற்கும். அந்த நேரத்தில் மெஷினுக்குச் சொந்தக்காரரின் முகத்தைப் பார்ப்பது குற்றாலலிங்கத்துக்குப் பிடிக்கும். கூலியைவிட அதுதான் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

வீடு சாந்திநகரில். வாடகை வீடு. மனைவி அனுராதா, பிளஸ் ஒன் படிக்கிற மகள் ப்ரியா. மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம், கடையில் மிஞ்சிய சாமான்களைச் சேர்த்து வீட்டுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் அமைத்துக் கொடுத்தார். அது முன்னறையின் மூலையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது.

அனுராதா கல்யாணத்துக்கு முன்பே தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். கீபோர்டைப் பார்க்காமலேயே அடிப்பாள். கொரோனாவுக்குப் பிறகு ஒரு தோழி மூலமாக அவளுக்கு ஒரு வேலை அமைந்தது. சென்னையில் ஒரு கம்பெனி. பேட்டி, கூட்டம், ஆராய்ச்சிக்காரர்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பதிவு செய்த பேச்சு என்று ஒலிப்பதிவுகளை அனுப்புவார்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டு, ஒரு சொல் விடாமல் தமிழில் அடித்து அனுப்ப வேண்டும். தெற்கத்திப் பேச்சு வந்தால் அவளுக்குத்தான் அனுப்புவார்கள். சென்னையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு விளங்காத வட்டாரச் சொல்லெல்லாம் அவளுக்கு அடுக்களைச் சொல். அங்கே இந்த வேலையைக் கவனித்துக்கொண்ட தஸ்லிமா என்ற பெண், அனுராதா அனுப்பியதில் திருத்த ஒன்றும் இருப்பதில்லை என்று அடிக்கடி சொல்வாளாம். அதைச் சொல்லும்போது அனுராதாவின் குரலில் ஒரு தெளிவு வரும். குற்றாலலிங்கம் அதைக் கேட்டபடியே சாப்பிடுவார்.

தொந்தரவெல்லாம் கம்ப்யூட்டரால்தான். காலையில் அதை ஆன் செய்துவிட்டு அனுராதா உலையில் அரிசி போடப் போவாள். சோறு ஒரு கொதி வரும்போது திரையில் படம் வந்திருக்கும். ஒலிப்பதிவைத் திறந்தால் டைப் அடிக்கிற பக்கம் உறைந்து நிற்கும். அடித்த வரி கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண்ணில் தெரியும். அவள் முதன்முதலில் கேட்டது ஒரு பொங்கல் சமயம்.

"ஏங்க, கடைக்கு வாறவங்களுக்கெல்லாம் என்னமோ மாத்திக் குடுக்கியளே, அதை இதுக்கும் ஒண்ணு போட்டா என்ன?"

போட்டுறலாம் என்றார் அவர். மனதாரத்தான் சொன்னார். அரை மணி நேர வேலை, எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்பது அவர் நினைப்பு. அப்படி நினைத்ததால்தான் அது நடக்காமலே போனது. ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்பார். ஞாயிற்றுக்கிழமை யாராவது வீட்டுக்கே தேடிவந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த பொங்கலும் வந்து போனது. அனுராதா மாதம் ஒரு தடவை கேட்டாள். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கேட்டாள்.

அந்த வருஷம் புரட்டாசியில் தஸ்லிமா ஒரு செய்தி சொன்னாள். மற்றவர்கள் அடித்து அனுப்புவதைச் சரிபார்க்க ஒரு ஆள் வேண்டும், நிரந்தர வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். அனுராதாவின் பெயரைத்தான் சொல்லியிருக்கிறாள். ஆனால் ஒரு வாரம் சோதனையாகப் பார்ப்பார்கள். ஒலிப்பதிவு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கம்பெனியின் சொந்த மென்பொருள் ஒரு பக்கம் என்று மூன்றும் ஒன்றாக ஓட வேண்டும். குறித்த நேரத்துக்குள் முடித்தும் அனுப்ப வேண்டும். அடுத்த திங்கட்கிழமை ஆரம்பம்.

அனுராதா இதைச் சொன்ன அன்று குற்றாலலிங்கத்துக்கு உண்மையிலேயே சந்தோஷம். அல்வா வாங்கிவந்தார். நாளைக்கே மாற்றித் தருகிறேன் என்றார். அடுத்த நாள் கடையில் கூட்டம்.

அதற்கு மறுநாள் பதினொரு மணிவாக்கில் கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். படியில் யாரோ மூச்சு வாங்க ஏறி வரும் சத்தம் கேட்டது. அனுராதாதான். வீட்டு சி.பி.யு.வைப் பழைய போர்வையில் சுற்றி இடுப்பில் இடுக்கியிருந்தாள். ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். யாரையும் பார்க்காமல் அதைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு, மற்றவர்களோடு தானும் உட்கார்ந்தாள்.

குற்றாலலிங்கம் கையில் ஸ்க்ரூடிரைவருடன் அப்படியே நின்றார். பக்கத்தில் இருந்த கல்லூரி வாத்தியார் ஒருவர் அனுராதாவிடம் பேச்சுக் கொடுத்தார்.

"உங்களுக்கு என்னம்மா கம்ப்ளெயிண்ட்?"

"ஆன் ஆக ரொம்ப நேரம் எடுக்குது சார்."

"கவலைப்படாதீங்க. அண்ணாச்சிட்ட குடுத்தாச்சுன்னா ஒரு மணி நேரத்துல மாத்தித் தந்துருவாரு. எனக்கு அப்படித்தான் தந்தாரு."

அனுராதா சரியென்று தலையாட்டினாள். இவர் என் வீட்டுக்காரர் என்று அவள் சொல்லவில்லை. கையில் இருந்த வேலையை முடித்து ஒவ்வொருவராக அனுப்பிய பிறகுதான் அவர் அவள் பக்கம் வந்தார்.

"இதை ஏன் தூக்கிட்டு வந்தே? ஒரு போன் போட்டா நான் எடுத்துட்டு வர மாட்டேனா?"

"வீட்டுல கேட்டா நடக்கலை. கடையில கேட்டா நடக்கும்னு வந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள், எழுந்தாள், பைய படியிறங்கிப் பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். அவருக்குச் சுருக்கென்றது. உடனே டீலருக்குப் போன் செய்து ஒரு எஸ்.எஸ்.டி. வரவழைத்தார். வந்ததும் யார் கண்ணிலும் படாமல் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். சனிக்கிழமை மதியம் மாட்டி, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று கணக்கு.

சனிக்கிழமை மதியம் உவரியிலிருந்து இஸ்ரவேல் சார் வந்தார். கடற்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர், வீட்டுக்கும் வந்துபோகிற பழைய வாடிக்கை. ஆபீஸ் கம்ப்யூட்டர் இரண்டு நாளாகப் படுத்துகிறது, பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெயர் விவரங்களைத் திங்கட்கிழமைக்குள் ஏற்றியாக வேண்டும் என்றார். பிளாஸ்டிக் சாக்கில் மெஷினைக் கட்டி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை.

குற்றாலலிங்கம் திறந்து பார்த்தார். டிஸ்க் சாகிற நிலையில் இருந்தது. இப்போது நகலெடுத்தால் பிழைக்கும், தாமதித்தால் உள்ளே இருப்பதும் போய்விடும். டீலரைக் கேட்டார். திங்கட்கிழமை காலையில்தான் சரக்கு வரும் என்றார்கள். வேறு இரண்டு கடைகளில் கேட்டார். ஒருவரிடம் இல்லை, இன்னொருவர் போனை எடுக்கவில்லை.

டிராயரைத் திறக்குமுன் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்தார் என்பது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. எத்தனை பிள்ளைகள், கடற்கரையிலிருந்து வந்த மனுஷர், வெறுங்கையோடு எப்படி அனுப்புவது என்று நினைத்தார். வீட்டு விஷயம் எங்கே ஓடிவிடப்போகிறது, திங்கட்கிழமை காலையில் சரக்கு வந்ததும் மாட்டிவிடலாம் என்றும் நினைத்தார். டிராயரில் இருந்ததை மாட்டிய மெஷினோடு இஸ்ரவேல் சார் போகும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும் அண்ணாச்சி" என்றார்.

வீட்டு மெஷினைத் தூசி தட்டி, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோனார். இப்போதைக்கு ஓடும், திங்கட்கிழமை மாற்றிவிடலாம் என்றார். அனுராதா ஆன் செய்து பார்த்தாள். உலை கொதி வருவதற்குக் கொஞ்சம் முன்பே படம் வந்தது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் சரக்கு வந்தது. அதை எதிர்பார்த்து அவருக்கு முன்பே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை மேலப்பாளையத்தில் ஒரு ஆபீசில் நாள் முழுக்க வேலை. அந்த வாரத்தில் ஒரு நாள் மதியம் சாப்பிட வந்தபோது முன்னறையில் அனுராதாவைப் பார்த்தார். ஹெட்போனை மாட்டியபடி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் வந்ததை அவள் கவனிக்கவில்லை. தானே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினார்.

அடுத்த வாரம் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"அந்த வேலையை வேற ஒரு பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க."

"போட்டும். அடுத்த தடவை பாத்துக்கிடலாம்" என்றார் அவர்.

இன்றைக்கும் அவரால் விழுங்க முடியாத வாக்கியம் அதுதான். அனுராதா தோசையைத் திருப்பிப் போட்டாள். அடுத்த தடவை என்று ஒன்று இல்லையென்பது அவளுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

சித்திரை பிறப்பதற்குள் கம்பெனி முறையை மாற்றியது. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுகிற முதல் வேலையைக் கம்ப்யூட்டரே செய்துகொள்ளும், அதைச் சரிபார்க்க மட்டும் சிலர் போதும் என்றார்கள். சரிபார்க்கிறவர்கள் இருந்தார்கள். கேட்டு எழுதியவர்கள் எல்லாரையும் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சோதனை வாரத்தில் அனுராதா தேறியிருந்தால் சரிபார்க்கிறவர்கள் பக்கம் நின்றிருப்பாள். யாரும் இதை அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை. கடைப் படியில் ஏறும்போது ஒரு நாள் தானாகவே புரிந்தது. அப்படியே நடுப்படியில் நின்றுவிட்டார். பின்னால் வந்த ஒருவர் உடம்புக்கு என்ன அண்ணாச்சி என்று கேட்டார்.

அனுராதா வீட்டில் சும்மா இருக்கவில்லை. டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் போனால் இருட்டிய பிறகு வருவாள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. கை வேகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயும் மெச்சினார்கள். ஆனால் அங்கே அடிப்பது எல்லாம் எண்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், குற்றாலலிங்கம் போனை அணைத்துவிட்டு வீட்டு மெஷினைத் திறந்தார். பழைய டிஸ்கை நகலெடுக்கப் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பழைய டிஸ்க் உள்ளே கரகர என்று அரைத்துக்கொண்டே, இருந்ததையெல்லாம் கொடுத்தது. பிறகு புதியதை மாட்டிப் பட்டனை அமுக்கினார். கண்ணைச் சிமிட்டித் திறப்பதற்குள் திரை வந்துவிட்டது. இதைவிட மோசமான மெஷின்களையெல்லாம் இப்படி எழுப்பி, எத்தனையோ பேர் முகத்தைப் பார்த்துச் சிரித்தவர் அவர். அன்று சிரிப்பு வரவில்லை. சாப்பாடு முடிந்து ஒரு குட்டித் தூக்கம் போடுகிற நேரம்கூட ஆகியிருக்காது. இதற்கா இத்தனை பொங்கல் என்று நினைத்தார்.

அனுராதா வந்ததும் காட்டினார். அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே பார்த்தாள்.

"நல்லா இருக்கு. ப்ரியாவுக்கு உதவும்" என்றாள். பிறகு கைகால் கழுவப் போனாள்.

அவருக்கு அதோடு விட மனமில்லை. அவளிடம் சொல்லாமல் மகளிடமிருந்து தஸ்லிமாவின் எண்ணை வாங்கினார். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் பேசினார். அனுராதாவின் வீட்டுக்காரர் என்று சொன்னதும் தஸ்லிமா அன்பாகவே பேசினாள். அவங்க மாதிரி கேட்டு எழுதுகிற ஆள் கிடைக்கவில்லை என்றாள். இப்போது மெஷின் எழுதிக் கொடுப்பதில் திருநெல்வேலிப் பேச்சு வந்தாலே பாதி தப்பாக இருக்கிறது, அப்போதெல்லாம் அனுராதாவைத்தான் நினைத்துக்கொள்கிறேன் என்றாள். ஆனால் புது ஆள் எடுப்பது தன் கையில் இல்லை என்றும் சொன்னாள்.

"கம்ப்யூட்டர் இப்ப சரி பண்ணியாச்சும்மா. அந்த வாரம் அதுதான் காலை வாரிவிட்டுட்டு" என்றார் குற்றாலலிங்கம்.

தஸ்லிமா திருப்பிக் கேட்டாள்.

"கம்ப்யூட்டரா? எங்க ஏரியாவுல கரண்ட் போய்ப் போய் வருதுன்னுதானே அவங்க சொன்னாங்க. நான்கூட யு.பி.எஸ். வாங்கிக்கங்கன்னு சொன்னேன். சார், நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

அவர் சொன்னார். தஸ்லிமா பேச்சை முடித்துக்கொண்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

குற்றாலலிங்கம் போனை மேஜைமேல் வைத்தார். வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் வேலைதான் செய்கிறார், ஆனாலும் வீட்டுக் கம்ப்யூட்டர் ஓடாது என்று வெளியாளிடம் எப்படிச் சொல்வது? அவளால் சொல்ல முடியவில்லை. வேலையே போனாலும் பரவாயில்லை என்று கரண்டின் மேல் பழியைப் போட்டிருக்கிறாள். கடைப் பெஞ்சிலும் அவள் அப்படித்தான் பேசாமல் உட்கார்ந்திருந்தாள் என்று அப்போது உறைத்தது. அன்றைக்குத் தன்னைப் பழி வாங்க வந்ததாகத்தான் அவர் நினைத்திருந்தார்.

வந்த செவ்வாய்க்கிழமை கடையைத் திறக்கவில்லை. அனுராதா மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவரும் மேலே போனார். தஸ்லிமாவிடம் பேசியதைச் சொன்னார். அவள் ஈரச் சட்டையை உதறினாள்.

"எதுக்கு அவளுக்குப் போன் பண்ணுனிய?"

"நீ ஏன் கரண்டுன்னு சொன்னே?"

"வேற என்னத்தைச் சொல்ல? ஊருக்கெல்லாம் நல்லவருல்லா நீங்க. அந்தப் பேரை நானா கெடுக்கணும்?"

அவர் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தப்புதான் அனு."

"தெரியுது" என்றாள் அவள். "எனக்கு ஆத்திரமெல்லாம் இல்லை. இருந்துச்சு, இப்ப இல்லை. அந்த உவரி சாருக்கு மாத்திக் குடுத்ததும் எனக்குத் தெரியும். ரோட்டுல பாத்தப்ப அவரே சொன்னாரு, உங்க வீட்டுக்காரர் தெய்வம் மாதிரின்னு. நானும் ஆமான்னேன்."

மறுபடியும் அந்த வேலை மாதிரி ஏதாவது தேடலாமே, மெஷின்தான் இப்போது நன்றாக ஓடுகிறதே என்று அவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். அவள் வாளியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். வீட்டில் தனியாக உட்கார்ந்து யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த காலம் போதும், கடையில் பக்கத்தில் உட்கார்ந்து பேச நாலு பேர் இருக்கிறார்கள், அது பழகிவிட்டது என்றாள். அது உண்மையா, அவருக்காகச் சொன்னதா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. முன்பெல்லாம் அவள் பேச்சை இவ்வளவு கவனித்துக் கேட்டிருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டையோ முகத்தைத் தூக்கி வைப்பதோ எதுவும் கிடையாது. அனுராதா வழக்கம்போல் பேசினாள், சிரித்தாள், மகளுக்குத் தலை பின்னினாள். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை அடைத்து வைக்கப் பழகினார். வீட்டில் ஏதாவது வேலை இருக்கிறதா என்று தானாகக் கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். ஒவ்வொரு வாரமும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னாள்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட வந்தார். அடுக்களையில் ஸ்டூல்மேல் ஒரு பையன் நின்று ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தான். தெரிந்த பையன்தான். மேலப்பாளையம் சல்மான் ஃபாரிஸ், எலெக்ட்ரீஷியன். கடையில் வயரிங் வேலைக்கு அவர் கூப்பிடுகிற அதே ஆள்.

"அண்ணாச்சி, உங்க வீடா இது?" என்று அவன் ஆச்சரியப்பட்டான். "நீங்க இருக்கையில இந்தச் சின்ன வேலைக்கு என்னையக் கூப்பிட்டிருக்காங்களே."

அனுராதா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நான் கடையில இருந்தேன்லா" என்றார் குற்றாலலிங்கம்.

மேலே வெளிச்சம் போதவில்லை என்று பையன் சொன்னான். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து டார்ச்சைப் போட்டு, அவன் வேலை முடிக்கும்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.